சத்து ஊசி

கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி. பைய மடியில வச்சுக்க, இல்லாட்டி காலுக்கு அடியில போடு. டவுன் பஸ்ஸுல பைக்கெல்லாம் சீட்டுக் குடுத்தா மனுச மக்க எங்க உக்கார்றது? கோவிச்சுக்காத. முட்டி தேஞ்சு போச்சு எனக்கு, நின்னுக்கிட்டு வர முடியாது.

அந்தா முன்னால பாரு, பச்சைச் சேலை, மடியில பொம்பளப் பிள்ள. அவதான் எம் மருமக சங்கரேஸ்வரி. அவளுக்கு அங்க எடம் கிடைச்சிருச்சு, எனக்கு இங்க கிடைச்சிருக்கு. அதுவும் நல்லதுதான். பக்கத்துல இருந்தா அவளப் பத்திப் பேச முடியுமா? நல்லதாச் சொன்னாலும் கூச்சப்படுவா.

நீ எதுவரைக்கும் போற? பள்ளிக்கூடத்துல வேலையா? நல்லாயிரு. நாங்க நத்தக்குளம் ஆஸ்பத்திரி வரைக்கும் போறோம். நோய்நொடியெல்லாம் ஒண்ணுமில்ல, சாமி புண்ணியம். மருமகளுக்கு ஊசி. மூணு மாசத்துக்கு ஒருக்க ஒரு ஊசி போடணும், சத்து ஊசி. நான்தான் கூட்டிட்டுப் போறது. ஒரு தடவகூடத் தேதி தப்பவிட்டது கிடையாது. எந்த மாமியா செய்வா, சொல்லு? எங்க ஊர்ல வந்து வேலுத்தாயின்னு கேட்டுப் பாரு. வாய் நீளம்னு சொல்லுவாக, அது உண்மைதான். ஆனா மருமகள வச்சிருக்கறதுல அவளுக்கு ஈடு யாருமில்லன்னும் சொல்லுவாக.

எம் மகன் பொன்ராசு புனாவுல முறுக்குக் கம்பெனியில இருக்கான். கம்பெனின்னா என்ன, அடுப்பும் எண்ணெயும்தான். மூணு நாலு மாசத்துக்கு ஒருக்க வருவான், பத்து நாள் இருப்பான், போயிருவான். இவளக் கட்டுனப்ப இவளுக்குப் பத்தொம்பது வயசு. காலேசுல ரெண்டாவது வருசம் படிச்சுக்கிட்டு இருந்தா. படிச்சது போதும்னு நிப்பாட்டிக் கூட்டியாந்தோம். எண்ணிப் பத்து மாசம், மடியில பிள்ள. அதுல ஒண்ணும் கொறையில்ல. பொறந்தது பொட்டப்பிள்ள, அது ஒண்ணுதான்.

ஆனா பிரசவம் சாதாரணமா ஆகல தாயி. ரத்தம் நிக்கவே மாட்டேன்னுருச்சு. கட்டில்ல இருந்து தரையில ஓடுது. பெரியாஸ்பத்திரிக்கு வேன்ல தூக்கிட்டு ஓடுனோம். பாட்டில் பாட்டிலா ரத்தம் ஏத்துனாக. மூஞ்சி வெள்ளைவேட்டி மாதிரி இருந்துச்சு. நான் வேண்டாத சாமி இல்ல. பிழைச்சு எந்திரிச்சுட்டா.

எந்திரிச்சதும் அங்க இருந்த பெரிய டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இன்னும் மூணு வருசத்துக்கு இவளுக்குப் பிள்ளைங்கற பேச்சே எடுக்கக் கூடாதுன்னாக. மறுபடி இப்படி ஆச்சுன்னா தாயும் மிஞ்ச மாட்டா, பிள்ளையும் மிஞ்சாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாக. படிச்சவுக அப்படித்தான் பயமுறுத்துவாக. நாம பயந்தா ஆச்சா? அதோட விட்டாகளா? உள்ள என்னமோ காப்பர் டியாம், அதை வச்சு விடுறேன்னாக. இவ என்னடான்னா படுத்த வாக்குல சரி சரின்னு தலைய ஆட்டுறா. நான் விடுவனா? வாசல்ல குறுக்க நின்னுட்டேன். "எம் மகன் வரட்டும், அவன் சொல்லட்டும், அப்புறம் வைங்க" அப்படின்னுட்டேன். எம் மகன் புனாவுல இருந்து வர்றதுக்குள்ள நாங்க வீடு வந்து சேந்துட்டோம். வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு, நம்ம வேலை அப்படி.

எனக்கென்ன அவசரம்னு கேப்ப. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி ஒருத்தி இருக்கா, மூக்கம்மான்னு. என் ஓரகத்தி. அவளுக்கு ரெண்டும் பேரன். அதுவும் சிங்கக்குட்டி மாதிரி. ஒரு கல்யாணம் காதுகுத்துன்னா அவ அந்த ரெண்டையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டு எம் முன்னால ஒரு நடை நடப்பா பாரு, பத்தி எரியும். எம் பேத்தியத் தூக்கி வச்சுக்கிட்டு, "ஒத்தையா இருக்கேடி, தம்பி எப்ப வருவான்"னு கேப்பா. பிள்ளைகிட்டயா கேக்குறா? எங்கிட்டதான் கேக்குறா. எனக்குத் தெரியாதா?

அதனால நான் கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் இவ பெட்டியில துணி எடுத்து வைக்கப் போனா, அடியில மாத்திரை அட்டை. பாதி தின்னுருக்கா. என்ன மாத்திரைன்னு எனக்கா தெரியாது? எடுத்துக்கிட்டுப் போயி எருக்குழியில எறிஞ்சேன். மாத்திரைன்னாலே சூடு. குடல வேக வச்சுரும். மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், அவனும் சத்தம் போட்டான். எதுத்து ஒரு வார்த்தை பேசல இவ. அதுதான் எனக்கு இவகிட்டப் பிடிச்சது. சாப்பிடாமக் கெடந்தா, அது வேற.

அந்தத் தடவ எம் மகன் ஊருக்கு வந்தப்ப, தாயி, உங்கிட்டச் சொல்றதுக்கென்ன, நீயும் பொம்பளதான், பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிக்கிட்டு எம் பாயில வந்து படுத்துக்குவா. பிள்ளையத் தொட்டுப் பாத்தா பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும். போடி உன் அறைக்குன்னு நான்தான் அதட்டி அனுப்புவேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டா.  கூச்சம்னு நெனச்சுக்கிட்டேன். புருசன் வருசத்துல முக்காவாசி நாளு ஊர்ல இல்லாட்டி அப்படித்தான இருக்கும்? ஆனா அந்தத் தடவ ஒண்ணும் நிக்கல. எனக்குத்தான் ஏமாத்தம். அவ கோயிலுக்குப் போயி தேங்கா ஒடச்சா. எதுக்குன்னு கேட்டேன், சும்மான்னா.

அப்பத்தான் ரோஸ்லின் நர்சு வந்துச்சு. புதன்கிழமை புதன்கிழமை பிள்ளைகளுக்கு ஊசி போட எங்க ஊருக்கு வரும். நல்ல பொம்பள. கழுத்துல சிலுவை போட்டிருந்தாலும் எங்க காளியம்மன் கூழைக் கேட்டு வாங்கிக் குடிக்கும். அன்னைக்கு நான் வாசல்ல கடலை உரிச்சுக்கிட்டு இருக்கேன். இவளும் நர்சும் பின்னால துவைக்கிற கல்லுகிட்ட நின்னு ரொம்ப நேரம் பேசுனாக. இவ அழுகுறா, அது தெரியுது. பெறகு நர்சு நேரா எங்கிட்ட வந்து, கடலைய ரெண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, கீழ உக்காந்துச்சு.

"அம்மா, உங்க மருமக உடம்புல ஒண்ணுமே இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு ஊசி இருக்கு, காசு கிடையாது. தொடர்ந்து போட்டா ஆள் தேறிருவா. ஆனா தேதி தப்பவே கூடாது. நீங்க பொறுப்பெடுத்துக் கூட்டிட்டு வருவீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"மாத்திரை இல்லையே?"ன்னேன்.

"மாத்திரை இல்லம்மா. ஊசி."

அவ்வளவுதான் தாயி. எனக்கு வேற என்ன வேணும்? நான் ஊசிக்கு மரியாதை குடுக்குறவ. ஊசி போடாம மாத்திரைய மட்டும் எழுதிக் குடுக்குற டாக்டரு ஒரு டாக்டரா? எங்க ஊர்ல யாரு வேணாலும் கேளு, ஊசி போட்டாத்தான் பாதி நோய் போகும், ஊசி போடாட்டி அந்தாளுக்கு ரெண்டாவது தடவ யாரும் போக மாட்டாக. சத்து ஊசியான்னு கேட்டேன். நர்சு ஒரு நிமிசம் என்னையப் பாத்துச்சு. "உங்க மருமகளுக்கு இப்ப இத விடச் சத்து எதுவும் கிடையாதும்மா"ன்னுச்சு. அப்பன்னா மறு வாரமே கூட்டிட்டு வர்றேன்னுட்டேன்.

கூட்டிட்டுப் போனேன். ஊசி போட்டுட்டு வந்த பெறகு பாக்கணுமே இவள. கொஞ்சங் கொஞ்சமா உடம்பு பூசுன மாதிரி ஆயிருச்சு. கன்னத்துல சதை வச்சுச்சு. சோத்தை அள்ளிப் போட்டுத் தின்னா. வீட்டுல பாட்டு வேற. இப்பத் தபால்ல மிச்சப் படிப்பைப் படிக்கிறேங்குறா, படிச்சுத் தொலைன்னு விட்டுட்டேன். எம் மகன் வந்தா எம் பாய்ப்பக்கமே எட்டிப் பாக்குறதில்ல. சிரிச்ச மூஞ்சியா அவனுக்குத் தண்ணி எடுத்து வைக்கிறா, தலையில எண்ணெயத் தேச்சு விடுறா. எம் மகனே அசந்து போனான், என்னம்மா செஞ்ச இவளன்னு. உடம்புல சத்து இருந்தா மனசுல பயம் இருக்காதுடான்னு சொன்னேன்.

ஒரு தடவ பாரு, ரெண்டு மாசமா அவ வீட்டுக்குத் தூரமே ஆகல. நான் விடுவனா, நாளைக் கணக்குப் பண்ணிக்கிட்டுத்தான இருக்கேன். ஆஹா, நின்னுருச்சுன்னு ஒரு சட்டி கருப்பட்டிப் பணியாரம் சுட்டு, மொதத் தட்டை மூக்கம்மா வீட்டுக்குத்தான் கொண்டு போனேன். இவ வேணாம் அத்தை, பொறுங்க அத்தைன்னு பின்னாலயே ஓடி வர்றா. கேக்கலையே நான். தெரு பூராவும் பணியாரம் போயிருச்சு. பெறகு ஆஸ்பத்திரியில பாத்தா ஒண்ணுமில்லன்னுட்டாக. எம் மூஞ்சிய எங்க கொண்டு போயி வைக்கிறது? நர்சுதான் சமாதானம் சொல்லுச்சு. இந்த ஊசி போட்டா சில பேருக்கு அப்படி நின்னு போகும், கெடுதல் இல்ல, ரத்தம் வீணாப் போகாம உடம்புலயே நிக்குதுன்னுச்சு. சோதிச்சுப் பாத்தா நெசந்தான், ரத்தம் ஏறியிருந்துச்சு. அப்பச் சத்து ஊசிதான அது? மூக்கம்மா சிரிச்சது மட்டும் இன்னும் காதுல இருக்கு.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. போன வருசக் கடைசியில நர்ச மாத்திட்டாக. அதுக்குப் பெறகு போனா ஊசி இல்ல. புதுசா ஒரு டாக்டரு, மீசை இப்பத்தான் மொளைக்குது, சரக்கு வரல, அடுத்த வாரம் வாங்கம்மாங்குறான். அடுத்த வாரம் போனாலும் அதேதான். பஸ்ஸுக்குக் காத்துக் கெடந்து, இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஏறி எறங்கிப் போனா, சரக்கு வரலயாம். சாராயக் கடையில என்னைக்காவது சரக்கு வரலன்னு கேட்டிருக்கியா?

நான் கோவப்பட்டேன்னா இவ பயந்துட்டா. பங்குனிப் பொங்கலுக்கு எம் மகன் வர்றான், டிக்கெட் எல்லாம் எடுத்துட்டான். இவ சோறு எறங்காமத் திரியுறா. மூஞ்சி மறுபடி அந்தப் பழைய வெள்ளை. "அத்தை, அவுக வர்றதுக்கு முன்னாடி எப்படியாவது ஊசி போட்ரணும் அத்தை"ன்னு எங் காலைக் கட்டிக்கிட்டு அழுகுறா. நானும் அதையேதான் சொன்னேன். புருசன் வர்ற நேரம் உடம்புல தெம்பு வேண்டாமா? அழாத, கலெக்டரையே பாத்துருவோம்னுட்டேன்.

ஆமா தாயி, கலெக்டரைத்தான். திங்கக்கிழமை குறை கேக்குறாகல்ல, அங்க கூட்டிட்டுப் போயிட்டேன். வாசல்ல போலீசுக்காரி எம் பையக் கொட்டிப் பாக்குறா, மண்ணெண்ணெய் கொண்டாந்திருக்கியான்னு. நான் எதுக்கும்மா மண்ணெண்ணெய் ஊத்திக்கிறேன், எனக்கு ஊசி வாங்கிக் குடுங்கன்னேன். கூட்டம்னா கூட்டம். பட்டாவுக்கு வந்தவுக, பென்சனுக்கு வந்தவுக. எங்க மொறை வந்தப்ப மேசையில ஒரு அம்மா இருந்தாக. கலெக்டரு இல்ல, அவருக்கு அடுத்தவுகளாம். கண்ணாடி போட்டு, நல்ல கறுப்பு. நத்தக்குளத்துல சத்து ஊசி இல்ல, எம் மருமகளுக்குத் தேதி போகுதுன்னு நான் சத்தமாச் சொன்னேன். நமக்கு மெதுவாப் பேச வராதே. இவ எஞ் சேலையப் பிடிச்சு இழுக்குறா, வாங்க அத்தை போயிருவோம், வேணாம் அத்தைன்னு. 

அந்தம்மா பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரி ஆபீசரக் கேட்டாக. அந்தாளு இவளோட ஆஸ்பத்திரி அட்டைய வாங்கிப் பாத்துட்டு, குனிஞ்சு அவுக காதுல என்னமோ சொன்னாரு. அந்தம்மா கண்ணாடியக் கழட்டிட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்தாக. இவகிட்ட, "உனக்கு இந்த ஊசி வேணுமாம்மா?"ன்னு கேட்டாக. "வேணும்"னா. அந்த ஒரு வார்த்தைதான் அவ அந்தம்மாகிட்டப் பேசுனது. பெறகு எங்கிட்டத் திரும்பி, "உங்களுக்குச் சம்மதமா?"ன்னாக.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம். "சம்மதமாவா? நான்தானம்மா கூட்டிட்டே வந்திருக்கேன். நான் ஆறு பெத்தவ. ஒண்ணு தவழுறப்ப இன்னொண்ணு வயித்துல. மூணை மண்ணுல வச்சுட்டேன். எங் காலத்துல எனக்கு எவளாவது இப்படி ஒரு ஊசி போட்டிருந்தா நான் ஏன் அப்படிச் சீரழிஞ்சிருக்கப் போறேன்?" அப்படின்னு கேட்டேன்.

 அந்தம்மா கண்ணு கலங்கிருச்சு, நான் பாத்தேன். எந்திரிச்சு நின்னு, எங் கையைப் பிடிச்சு, உங்கள மாதிரி ஒரு மாமியார நான் பாத்ததே இல்லம்மான்னாக. எல்லாரும் இப்படி இருந்துட்டா எங்களுக்கு வேலையே இல்லன்னாக. போட்டோ வேற எடுத்தாக. அந்த வாரமே ஊசி வந்துருச்சு, இவளுக்கு மட்டுமில்ல, பெட்டி நெறைய. எம் மகன் வர்றதுக்கு முந்தி போட்டாச்சு. இப்ப ஊர்ல நாலஞ்சு வீட்டு மருமகமாரு என்னைத் தேடிக்கிட்டு வருதுக. "பெரியத்தை, எங்க மாமியாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு. போயிச் சொல்லுவேன். கலெக்டர் ஆபீசே மதிச்ச ஊசின்னு சொன்னா எவ மறுப்பா?

இதுல யாருக்கு வயித்தெரிச்சல்? மூக்கம்மாவுக்குத்தான். போன மாசம் எங்க அடுப்படிக்கே வந்து நின்னுக்கிட்டு, இவளையும் பக்கத்துல வச்சுக்கிட்டே சொல்றா: "அடி வெவரங்கெட்டவளே, அது சத்து ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. பிள்ள நிக்காம இருக்கறதுக்குப் போடுற ஊசி. உன்னைய வச்சே உன் வம்சத்தை அடைக்கிறா"ன்னு. எடுத்தேன் பாரு வெளக்கமாத்த. தெரு முக்கு வரைக்கும் போயித்தான் திரும்புனேன். பொறாமை தாயி. எம் போட்டோ பேப்பர்ல வந்துருச்சுல்ல, அந்தப் பொறாமை.

திரும்பி வந்து பாத்தா இவ அடுப்பு முன்னால குத்துக்கால் வச்சு உக்காந்திருக்கா. அரிசி முறத்துல கெடக்கு. நான் கேட்டேன், ஏத்தா, அவ சொல்றது நெசமான்னு. அரிசியில ரெண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டா. பெறகு என்னைய நிமுந்து பாத்து, "அத்தை, உங்களுக்கு நாலாவது உண்டானப்ப, வேணாம்னு தோணலயா?"ன்னா.

என்ன கேள்வி அது? மாமியாகிட்டக் கேக்குற கேள்வியா?

நாலாவது உண்டானப்ப மூணாவது இன்னும் பால் குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது போயி முப்பது நாள் ஆகல. நான் பப்பாளிக்காயும் எள்ளும் கருப்பட்டியுமாத் தின்னு, வயித்தால போயி, குறுக்கு ஒடிஞ்சு கெடந்தேன். ஒண்ணும் ஆகல. எம் மாமியாளுக்குத் தெரிஞ்சு தலைமுடியப் பிடிச்சு அடிச்சா. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல இதை. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. உங்கிட்ட எதுக்குச் சொல்றேன்னும் தெரியல. நத்தக்குளம் இன்னும் எத்தன ஸ்டாப்பு?

அவகிட்ட என்ன சொன்னேன்னு கேக்குறியா? ஒலை கொதிக்குது, அரிசியக் களைஞ்சு போடு ஆத்தான்னேன். வேற என்ன சொல்ல? போட்டா.

போன வாரம் எம் மகன் போன்ல கேக்குறான், என்னம்மா இன்னும் ஒண்ணையும் காணோம், டாக்டர்கிட்டக் காட்டுனா என்னன்னு. அவன் கேக்கலாமா? அவனா தரையில ஓடுன ரத்தத்தப் பாத்தான்? உனக்கென்னடா அவசரம், அவ என்ன மாடா, வருசா வருசம் கன்னு போட, உடம்பு நல்லாத் தேறட்டும், வாயை மூடிக்கிட்டு முறுக்கைப் பிழின்னு வச்சு வாங்கிட்டேன். இவ கதவோரம் நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. நான் கண்டுக்கல.

இன்னைக்குத் தேதி. காலையில அவளுக்கு முந்தி நான் சேலை மாத்திக்கிட்டு வாசல்ல நிக்குறேன். சத்து ஊசிதான் தாயி அது. மூக்கம்மாவுக்கு என்ன தெரியும்? நர்சு சொன்னது தப்பாப் போகுமா? நீ ஏன் இப்படி என்னையப் பாக்குற? பள்ளிக்கூடத்துல பிள்ளைகளையும் இப்படித்தான் பாப்பியா?

சரி, ஸ்டாப்பு வந்துருச்சு. கொஞ்சம் வழி விடு. ஏத்தா சங்கரேஸ்வரி, எறங்கு எறங்கு. இரு, பிள்ளைய இப்படி எங்கிட்டக் குடு. ஊசி போடப் போற கை, பாரம் தூக்கக் கூடாது.